புது மாடலை முன்கூட்டியே சொன்னதால் கம்பெனியே போச்சா? கொடைக்கானலில் கண் மூடிய கம்ப்யூட்டர் முன்னோடி ஆடம் ஆஸ்போர்னின் கதை

புது போன் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். பில் போடும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர், அடுத்த மாதம் இதைவிட நல்ல மாடல் வருகிறதாம் என்கிறார். என்ன செய்வீர்கள்? பெரும்பாலானவர்கள் பர்ஸை மூடிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

இந்தச் சின்ன மனக்கணக்குக்கு தொழில்நுட்ப உலகில் ஒரு பெயர் இருக்கிறது: ஆஸ்போர்ன் எஃபெக்ட். அடுத்த மாடலைப் பற்றி அவசரப்பட்டு வாய் திறந்தால், இப்போது கடையில் இருக்கும் மாடல் விற்காமல் போகும் என்பதுதான் அதன் பொருள். செல்போன் கம்பெனிகள் புது மாடலை இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவைத்த மாதிரி ரகசியம் காப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஆடம் ஆஸ்போர்ன். எடுத்துச் செல்லக்கூடிய கம்ப்யூட்டரை முதன்முதலில் பெரிய அளவில் விற்றுக் காட்டியவர். சின்ன வயதில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். கடைசியில் கொடைக்கானலில் கண் மூடியவர். ஆனால் இன்றைக்கு அவர் பெயர் வெற்றிக்காகப் பேசப்படுவதில்லை, ஒரு தோல்விக்காகத்தான் பேசப்படுகிறது. அந்தத் தோல்விக்கு உலகம் சொல்லும் காரணம் சரிதானா? விரிவாகப் பார்க்கலாம்.

திருவண்ணாமலையில் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன்

ஆடம் ஆஸ்போர்ன் பிறந்தது 1939 மார்ச் 6-ம் தேதி, தாய்லாந்தின் பாங்காக் நகரில். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். அங்குள்ள சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி வந்தார். அம்மா லூசியா போலந்துக்காரர். இருவருக்கும் கீழை நாட்டு ஆன்மிகத்தில் ஆழமான நாட்டம். அந்த நாட்டம்தான் 1941-ல் குடும்பத்தைத் திருவண்ணாமலைக்கு, ரமண மகரிஷியின் ஆசிரமத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

மனைவியையும் பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டு ஆர்தர் மட்டும் வேலைக்காக பாங்காக் திரும்பினார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜப்பான் படை தாய்லாந்துக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் ஆர்தரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். போர் முடியும் வரை அவருக்கு விடுதலை இல்லை.

ஏறத்தாழ 4 ஆண்டுகள் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாத நிலையில் ஆடமும் அவரது சகோதரிகளும் அருணாசல மலையடிவாரத்தில் வளர்ந்தார்கள். அப்பாவைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும்படி சிறுவன் ஆடம் ரமணரிடம் கேட்டதாகவும், அவர் சரி என்பதுபோலத் தலையசைத்ததாகவும் அந்தக் குடும்பத்தின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. 1945-ல் போர் முடிந்தது. ஆர்தர் உயிரோடு திரும்பி வந்தார்.

பின்னாளில் ஆர்தர் ரமணரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதி உலகம் முழுக்கக் கொண்டுபோனார். ஆசிரமம் 1964-ல் தொடங்கிய மவுண்டன் பாத் இதழின் முதல் ஆசிரியரும் அவரே. உலகப் பொருள்களைத் துறப்பதைப் பற்றி அப்பா எழுதிக்கொண்டிருந்த காலத்தில், மகன் போய்ச் சேர்ந்த இடமோ கலிபோர்னியாவின் சிலிகான் பள்ளத்தாக்கு.

கெமிக்கல் இன்ஜினீயர் எழுத்தாளர் ஆனது எப்படி?

கொடைக்கானலில் பள்ளிப் படிப்பைத் தொடங்கிய ஆடம், 11 வயதில் இங்கிலாந்து போனார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்து 1961-ல் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அடுத்து கலிபோர்னியாவில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை.

அந்த வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. கம்ப்யூட்டரில் கணக்குகளை ஓடவிடுவதில் இருந்த ஆர்வம் ரசாயனத்தில் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் வெளியே வந்து, கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு விளக்கக் கையேடுகள் எழுதித் தரும் தொழிலைத் தொடங்கினார்.

அது மைக்ரோபிராசசர் பிறந்திருந்த நேரம். இன்டெல் தனது முதல் மைக்ரோபிராசசரை 1971-ல் வெளியிட்டது. ஒரு முழு கம்ப்யூட்டரின் மூளை விரல்நகம் அளவு சில்லுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று சாதாரண ஆளுக்குப் புரியும்படி சொல்ல ஆள் இல்லை. கம்பெனிகள் கொடுத்த கையேடுகள் இன்ஜினீயர்களுக்கே தலைசுற்ற வைத்தன.

ஆடம் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார். மைக்ரோகம்ப்யூட்டர் பற்றிய அறிமுகப் புத்தகம் ஒன்றை எழுதி 1970-களின் நடுவில் தானே வெளியிட்டார். ஆல்டேர், இம்சாய் மாதிரி ஆரம்பகால கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிப் பார்த்த இளைஞர்களுக்கு அது கிட்டத்தட்டப் பாடநூல் ஆனது. ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டங்களுக்குப் பெட்டி நிறையப் புத்தகங்களோடு போய் விற்றார். பிற்காலத்தில் ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் வோஸ்னியாக் வந்துபோன அதே கிளப்தான் அது.

புத்தக வியாபாரம் சூடுபிடித்தது. அமெரிக்காவின் பெரிய பதிப்பகங்களில் ஒன்றான மெக்ரா-ஹில் 1979-ல் அவரது பதிப்பகத்தை விலைகொடுத்து வாங்கியது. ஆஸ்போர்ன் என்ற பெயர் அதன்பிறகும் பல ஆண்டுகள் கம்ப்யூட்டர் புத்தகங்களின் அட்டையில் தொடர்ந்தது.

பேனாவால் கம்பெனிகளைக் கலங்கடித்தவர்

புத்தகங்கள் ஒரு பக்கம். அவரைப் பலரும் பார்த்துப் பயந்ததற்குக் காரணம் வேறு: பத்திரிகையில் எழுதிய பத்தி. முதலில் இன்டர்ஃபேஸ் ஏஜ் இதழிலும், பிறகு இன்ஃபோவேர்ல்ட் இதழிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளை வெளுத்து வாங்கினார்.

இன்றைக்கு யூடியூபில் கேட்ஜெட் ரிவ்யூ பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அதன் அச்சு வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். எந்தச் சில்லு தேறும், எது தேறாது, எந்தக் கம்பெனி சொன்னதைச் செய்யவில்லை, தொழிலுக்குள் என்ன வதந்தி ஓடுகிறது என்று எல்லாம் அதில் வரும்.

அவரது முக்கியக் குற்றச்சாட்டுகள் இரண்டு.

ஒன்று: பொருள் கையில் தயாராக இல்லாமலேயே விளம்பரம் கொடுப்பது. வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்திலேயே பொருளை உருவாக்கப் பார்ப்பது. பணம் கட்டியவர் மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இரண்டு: வாங்குபவருக்கு உண்மையான செலவைச் சொல்லாமல் மறைப்பது. கம்ப்யூட்டருக்கு ஒரு விலை போடுவார்கள். ஆனால் அதை வைத்து ஏதாவது உருப்படியாகச் செய்ய திரை, டிஸ்க் டிரைவ், சாஃப்ட்வேர் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு. சட்டை மலிவு என்று உள்ளே கூப்பிட்டுவிட்டு, கைக்கும் காலருக்கும் தனி பில் நீட்டுகிற மாதிரி.

வேகத்துக்கும் புதுமைக்கும் ஆலாய்ப் பறந்த அந்தத் தொழிலில் அவரது வாதம் எளிமையாக இருந்தது. சாதாரண ஆளுக்கு உலகத்திலேயே சிறந்த கம்ப்யூட்டர் தேவையில்லை. அவரது வேலைக்குப் போதுமான ஒன்று நியாயமான விலையில் கிடைத்தால் போதும். காரை எல்லோருக்கும் எட்டும்படி செய்த ஹென்றி ஃபோர்டு மாதிரி ஒருவர் கம்ப்யூட்டருக்கும் வர வேண்டும் என்பது அவர் எண்ணம்.

விமர்சனம் செய்வது சுலபம், நீங்களே செய்து காட்டுங்களேன் என்று யாரும் கேட்கும் முன்பே அவர் களத்தில் இறங்கிவிட்டார்.

விமான சீட்டுக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர்

1980-ல் அவர் அணுகிய ஆள் லீ ஃபெல்சென்ஸ்டீன். ஹோம்ப்ரூ கிளப் கூட்டங்களை நடத்தியவர்; சோல்-20 என்ற கம்ப்யூட்டரை வடிவமைத்தவர். ஆடமின் கணக்கு தெளிவாக இருந்தது: பிளக்கைச் செருகியதும் வேலை செய்ய வேண்டும், எல்லாமே ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும், விமானத்தில் சீட்டுக்கு அடியில் நுழைய வேண்டும்.

எடுத்துச் செல்லும் கம்ப்யூட்டர் என்ற யோசனை அதற்கு முன்பும் இருந்தது. ஐபிஎம் 1975-லேயே 5100 என்ற மாடலைக் கொண்டுவந்தது. எடை ஏறத்தாழ 25 கிலோ, விலை 9,000 டாலரை ஒட்டித் தொடங்கியது. ஜெராக்ஸ் ஆய்வகம் செய்த நோட்டேக்கர் மாதிரி வடிவத்தைத் தாண்டவே இல்லை. சாதாரண மனிதர் வாங்கும் விலையில் யாரும் தரவில்லை.

1981 ஏப்ரல் 3. சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் கண்காட்சி. அங்கேதான் ஆஸ்போர்ன் 1 அறிமுகமானது. அதில் என்ன இருந்தது?

- எடை: ஏறத்தாழ 11 கிலோ. தையல் மெஷினைப் பெட்டியில் போட்டுத் தூக்குவது போல இருக்கும்
- திரை: 5 இன்ச். இன்றைய பல செல்போன்களின் திரையைவிடச் சிறியது
- நினைவகம்: 64 கிலோபைட்
- பிராசசர்: 4 மெகாஹெர்ட்ஸ் இசட்80
- சேமிப்பு: இரண்டு ஃபிளாப்பி டிரைவ், ஒவ்வொன்றிலும் 100 கிலோபைட்டுக்கும் குறைவு
- பேட்டரி: உள்ளே கிடையாது. எங்கே போனாலும் பிளக் பாயின்ட் தேட வேண்டும்
- விலை: 1,795 டாலர்

மூடியைத் திறந்தால் அதுவே கீபோர்டு. திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துகள்தான் தெரியும்; முழு வரியையும் படிக்க பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்க வேண்டும். ஃபிளாப்பிகளைச் சொருகி வைக்கவே தனி இடம் இருந்தது.

இப்போது பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் உண்மையான சூட்சுமம் பெட்டியில் இல்லை, பெட்டியோடு வந்த இலவசங்களில் இருந்தது. எழுதுவதற்கு வேர்ட்ஸ்டார், கணக்குப் போட சூப்பர்கால்க், புரோகிராம் எழுத இரண்டு வகை பேசிக் மொழிகள். இவற்றைத் தனித்தனியாகக் கடையில் வாங்கினால் ஏறத்தாழ 1,500 டாலர் ஆகும். அதாவது, சாஃப்ட்வேர் விலைக்கு மேலே கொஞ்சம் போட்டால் கம்ப்யூட்டரே கிடைத்துவிடும் என்ற கணக்கு.

இன்று புது லேப்டாப்பில் விண்டோஸும் ஆபீஸ் சோதனைப் பதிப்பும் ஏற்கெனவே ஏற்றப்பட்டு வருவதை யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்துக்குப் பாதை போட்டவர்களில் முக்கியமானவர் ஆடம். சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குத் தன் நிறுவனத்தின் பங்குகளைக் கொடுத்தும் மலிவாக உரிமம் பெற்றார்.

ராக்கெட் வேகம்

தொழில் திட்டத்தில் எழுதியிருந்தது, இந்த மாடல் மொத்தமே 10,000 விற்கும் என்று. உச்சத்தில் ஒரே மாதத்தில் 10,000 விற்றது.

ஊர் ஊராகச் சுற்றும் செய்தியாளர்கள், கணக்காளர்கள், விற்பனைப் பிரதிநிதிகள் எல்லோரும் வாங்கினார்கள். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து அன்றைய கணக்கை அன்றே முடிக்கலாம் என்பது அந்தக் காலத்தில் புதிய சுதந்திரம். கலிபோர்னியாவின் ஹேவர்டில் இருந்த நிறுவனம் வாரத்துக்கு வாரம் ஆள் எடுத்தது.

ஆனால் வேகமாக வளரும் பிள்ளைக்கு சட்டை சீக்கிரம் சின்னதாகிவிடும். ஆஸ்போர்னுக்கும் அதுதான் நடந்தது. எவ்வளவு பொருள் குடோனில் இருக்கிறது, எவ்வளவு கடன் நிற்கிறது, உண்மையில் லாபமா நஷ்டமா என்று சரியாகச் சொல்லும் அமைப்பு உள்ளே உருவாகவில்லை. ஆர்டர் குவிந்துகொண்டிருந்ததால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

சுற்றி வளைத்த போட்டி

ஆஸ்போர்ன் 1 வந்து 5 மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 1981 ஆகஸ்ட் 12-ம் தேதி ஐபிஎம் தனது பிசியை வெளியிட்டது. அதுவரை சிபி/எம் என்ற இயங்குதளத்தில் ஓடிய சந்தை, மெல்ல மெல்ல ஐபிஎம் பக்கம் சாயத் தொடங்கியது.

1982-ல் கேப்ரோ வந்தது. ஆஸ்போர்ன் மாதிரியே தூக்கிச் செல்லும் பெட்டி, மாதிரியே இலவச சாஃப்ட்வேர். ஆனால் திரை 9 இன்ச். ஒரு வரி முழுதாகத் தெரியும். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த வாடிக்கையாளர் எதை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

அதே ஆண்டு நவம்பரில் காம்பாக் தன் போர்ட்டபிள் கம்ப்யூட்டரை அறிவித்தது. அது ஐபிஎம் பிசிக்காக எழுதப்பட்ட சாஃப்ட்வேர்களை ஓட்டியது. 1983-ல், விற்பனையின் முதல் ஆண்டிலேயே, காம்பாக்கின் வருவாய் 111 மில்லியன் டாலரைத் தொட்டது.

ஆஸ்போர்னும் சும்மா இருக்கவில்லை. 7 இன்ச் திரையோடு எக்ஸிகியூட்டிவ் என்ற மாடலைத் தயார் செய்தது. விலை 2,495 டாலர். அதற்கு அடுத்து ஐபிஎம் சாஃப்ட்வேர் ஓடும் மாடலும் திட்டத்தில் இருந்தது.

வாய் திறந்ததால் வந்த வினையா?

இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற கதை வருகிறது.

1983 தொடக்கத்தில், எக்ஸிகியூட்டிவ் கடைக்கு வரும் முன்பே அதைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார் ஆடம். செய்தி பரவியது. நல்ல மாடல் வரப்போகிறது என்று தெரிந்ததும் கடைக்காரர்கள் பழைய மாடலுக்கான ஆர்டர்களை நிறுத்தினார்கள். புதியதோ விற்பனைக்கு வரவில்லை, பழையதோ நகரவில்லை. காசு வரத்து வறண்டது. 1983 செப்டம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கண்காட்சியில் முதல் கம்ப்யூட்டரைக் காட்டி இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை.

பொருள் தயாராகும் முன்பே அறிவிக்கிறார்கள் என்று மற்றவர்களைப் பத்தி பத்தியாகக் கிழித்தவர், அதே தவறால் வீழ்ந்தார். கேட்பதற்குக் கச்சிதமான கதை. நிர்வாகவியல் வகுப்புகளில் இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள்.

ஆனால் முழு உண்மை இவ்வளவுதானா? பின்னாளில் பலர் இந்தக் கதையைக் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். அவர்கள் சுட்டும் காரணங்கள் இவை:

முதலாவது, கேப்ரோ. அறிவிப்பு வந்திருக்காவிட்டாலும் 5 இன்ச் திரை 9 இன்ச் திரையிடம் தோற்றுக்கொண்டுதான் இருந்தது. எக்ஸிகியூட்டிவ் வந்த பிறகும் அதன் விலை கேப்ரோவைவிட அதிகம், திரை அதைவிடச் சிறியது.

இரண்டாவது, ஐபிஎம். சந்தை மொத்தமும் அந்தப் பக்கம் நகர்ந்தபோது ஆஸ்போர்னிடம் விற்பதற்கு ஐபிஎம் சாஃப்ட்வேர் ஓடும் மாடல் இல்லை.

மூன்றாவது, உள்வீட்டுக் கணக்கு. பங்குச் சந்தைக்குப் போகத் தயாரான நேரத்தில் கணக்கைத் தோண்டிப் பார்த்தால், லாபம் என்று நினைத்த இடத்தில் நஷ்டம் இருந்தது. பங்கு வெளியீடு நின்றுபோனது. முதலீட்டாளர்களின் நம்பிக்கையும் போனது.

நான்காவதாக ஒரு விநோதத் தகவலும் உண்டு. குடோனில் பழைய மாடலின் மதர்போர்டுகள் சில மிச்சம் இருந்தன. அவற்றைத் தூக்கிப்போட மனம் வராமல், மீதிப் பாகங்களுக்குப் பெரும் தொகை செலவழித்து மீண்டும் பழைய மாடலையே தயாரிக்க முயன்றதாக நிறுவனத்தில் இருந்தவர்கள் பின்னர் விவரித்திருக்கிறார்கள். மிச்சமான பொத்தானுக்காகப் புதுச் சட்டை தைத்த கதை!

ஆக, முன்கூட்டிய அறிவிப்பு அடித்தது உண்மை. ஆனால் அது விழுந்தது ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த ஓர் உடம்பின் மீது. வீழ்ச்சியைப் பற்றி ஆடமே பத்திரிகையாளர் ஜான் டுவோராக்குடன் சேர்ந்து 1984-ல் ஹைப்பர்குரோத் என்ற புத்தகம் எழுதினார். கட்டுக்கடங்காத வளர்ச்சி என்று பொருள்படும் அந்தத் தலைப்பே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது ஆட்டம்: சாஃப்ட்வேருக்கு ஏன் இவ்வளவு விலை?

இவ்வளவு பெரிய அடி வாங்கியவர் ஒதுங்கிப் போயிருக்கலாம். ஆடம் அடுத்த ஆண்டே திரும்பி வந்தார். 1984-ல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் பேப்பர்பேக் சாஃப்ட்வேர்.

பெயரிலேயே திட்டம் இருக்கிறது. கெட்டி அட்டைப் புத்தகம் வாங்க முடியாதவருக்கு மலிவுப் பதிப்பு வருகிறதல்லவா? அதேபோல சாஃப்ட்வேரும் மலிவாக, புத்தகக் கடையிலேயே கிடைக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு ஃபிளாப்பியும் ஒரு கையேடும் தயாரிக்க ஆகும் செலவுக்கும் கடையில் கேட்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் கருதினார்.

அந்தக் காலத்தின் சூப்பர் ஸ்டார் சாஃப்ட்வேர் லோட்டஸ் 1-2-3. இன்றைய எக்ஸெல் மாதிரி கட்டம் போட்ட கணக்கு ஏடு. விலை 500 டாலரைத் தொட்டது. ஆடம் விபி-பிளானர் என்ற ஒன்றை 100 டாலருக்கும் குறைவாக விற்றார். லோட்டஸ் பழகியவர் உட்கார்ந்த உடனே வேலை செய்யலாம்; மெனு, கட்டளைகள் எல்லாம் அதே வரிசையில் இருந்தன.

லோட்டஸ் 1987 ஜனவரியில் வழக்குப் போட்டது. எங்கள் மெனு அமைப்பைக் காப்பியடித்துவிட்டார்கள் என்பது புகார். விபி-பிளானரின் உள்ளே இருந்த புரோகிராம் காப்பி அல்ல. வெளியே தெரியும் கட்டளை அமைப்புதான் பிரச்சினை.

இது இரண்டு கம்பெனிகளின் சண்டை மட்டும் அல்ல. காரில் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் எந்தக் கம்பெனி வண்டியிலும் ஒரே வரிசையில்தான் இருக்கின்றன. அதனால்தான் ஒரு வண்டியில் ஓட்டக் கற்றவர் இன்னொன்றை ஓட்ட முடிகிறது. அந்த வரிசைக்கு ஒருவர் உரிமை கொண்டாடினால் என்ன ஆகும்? சாஃப்ட்வேரில் அதுதான் கேள்வி.

1990 ஜூனில் பாஸ்டன் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ராபர்ட் கீட்டன் லோட்டஸ் பக்கம் தீர்ப்பளித்தார். பேப்பர்பேக் நிறுவனம் விபி-பிளானர் விற்பனையை நிறுத்த ஒப்புக்கொண்டது. தீர்ப்பு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே ஆடம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். வழக்கு நடந்த ஆண்டுகளிலேயே கடைக்காரர்களும் முதலீட்டாளர்களும் பின்வாங்கியிருந்தார்கள்.

கதையின் திருப்பம் இனிமேல்தான். அதே லோட்டஸ், போர்லாண்ட் என்ற இன்னொரு நிறுவனத்தின் மீதும் கிட்டத்தட்ட அதே புகாரோடு வழக்குப் போட்டது. 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மெனு கட்டளை அமைப்பு என்பது இயக்கும் முறை, அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சரிபாதியாக, 4-க்கு 4 என்று பிரிந்தது. அதனால் மேல்முறையீட்டுத் தீர்ப்பே நிலைத்தது. ஆடம் நின்ற பக்கத்துக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் அதற்குள் அவர் நிறுவனமும் இல்லை, அவரது உடல்நிலையும் சரியாக இல்லை.

கடைசிக் கனவு ஏஐ

1992-ல் அவர் தொடங்கிய மூன்றாவது முயற்சி நோயட்டிக்ஸ் சாஃப்ட்வேர். நியூரல் நெட்வொர்க், ஃபஸி லாஜிக் போன்ற நுட்பங்களை வைத்துக் கற்றுக்கொள்ளும் சாஃப்ட்வேர் செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். இன்று சாட்ஜிபிடி முதல் போன் கேமரா வரை எல்லாவற்றுக்கும் அடித்தளமாக இருக்கும் அந்த நியூரல் நெட்வொர்க் நுட்பம் அன்றைக்குப் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரம்.

அதை முன்னெடுத்துச் செல்ல உடல் இடம் கொடுக்கவில்லை. மூளையைப் பாதித்த ஒரு நோயால் அடுத்தடுத்து சிறு பக்கவாதத் தாக்குதல்கள் வந்தன. கம்ப்யூட்டருக்கு நினைவாற்றல் தரப் பாடுபட்டவரின் மூளையையே நோய் தாக்கியது.

1990-களிலேயே அவர் அமெரிக்காவை விட்டு இந்தியா திரும்பினார். வந்து சேர்ந்த இடம் கொடைக்கானல். சிறுவனாகப் பள்ளிக்கூடம் போன அதே மலை ஊர். சகோதரியின் பராமரிப்பில் வாழ்ந்தார். 2003 மார்ச் 18-ம் தேதி, 64-வது வயதில், அங்கேயே காலமானார். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை; சில நாள்கள் கழித்துத்தான் அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

இன்றைக்கு ஏன் இவரைப் பற்றிப் பேச வேண்டும்?

2005 ஜூனில் ஆப்பிள், தனது மேக் கம்ப்யூட்டர்களில் இன்டெல் சில்லுக்கு மாறப்போவதாக முன்கூட்டியே அறிவித்தது. உடனே எல்லோருக்கும் நினைவுக்கு வந்த பெயர் ஆஸ்போர்ன். மேக் விற்பனை படுத்துவிடும் என்றார்கள். படுக்கவில்லை. கையில் காசும், ஐபாட் மாதிரி வேறு வருமானமும் இருந்த கம்பெனியை முன்கூட்டிய அறிவிப்பு சாய்த்துவிடவில்லை. ஆஸ்போர்ன் கதையை மறுபடி யோசிக்க வைத்த சம்பவம் அது.

எலெக்ட்ரிக் கார் வாங்க நினைப்பவர் அடுத்த வருடம் இன்னும் நல்ல பேட்டரி வரும் என்று தள்ளிப்போடுகிறாரே, அதையும் இன்று ஆஸ்போர்ன் எஃபெக்ட் என்றுதான் நிபுணர்கள் அழைக்கிறார்கள்.

வாங்குபவருக்கு இந்தக் கதையில் ஒரு சேதி இருக்கிறது. அடுத்த மாடல் எப்போதும் வரத்தான் போகிறது. அதற்காகக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இன்றைய வேலைக்கு இது போதுமா என்று பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். ஆடம் தன் பத்திகளில் திரும்பத் திரும்பச் சொன்ன வாதமும் கிட்டத்தட்ட இதுதான்.

பெட்டியின் விலையை மட்டும் பார்க்காமல், அதைப் பயன்படுத்த மொத்தமாக எவ்வளவு ஆகும் என்று கேட்கச் சொன்னதும் அவர்தான். சார்ஜரைக்கூடத் தனியாக வாங்கச் சொல்லும் இன்றைய போன் கம்பெனிகளைப் பார்த்திருந்தால், அவருக்கு இன்னொரு பத்தி எழுத விஷயம் கிடைத்திருக்கும்.

ஒரு தோல்விக்கு அவர் பெயரை வைத்தது உலகம். ஆனால் பையில் லேப்டாப்போடு பஸ் ஏறும் ஒவ்வொருவரும் தூக்கிச் செல்வது, 1981-ல் அவர் 11 கிலோ பெட்டியாகச் செய்து காட்டிய யோசனையைத்தான்.